கடை வாசல் கரும்பலகை: பழமொழி, நீதிமொழி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசிப் பக்கம் ஒரு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாசலில் ஒரு கரும்பலகை. காலையில் கடை திறந்ததும் அதில் ஒரு வரி எழுதுவேன். ஒரு நாள் பழமொழி, ஒரு நாள் குறள், ஒரு நாள் ஆத்திசூடி. ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள் மெஷின் சூடாகிற வரைக்கும் நின்று அதைப் படிப்பார்கள், படித்ததும் ஏதாவது கேட்பார்கள். கேட்டதையே ஆள் மாற்றி ஆள் கேட்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் தமிழ் வாத்தியார் இல்லை. புலவர்கள் யாராவது படித்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பழமொழி, பொன்மொழி, சொலவடை எல்லாம் ஒண்ணுதானே அண்ணாச்சி?

கிட்டத்தட்ட. பழமொழிக்கு ஆசிரியர் கிடையாது, ஊர் வாயில் பிறந்து ஊர் வாயிலேயே வளர்ந்தது. எங்கள் பக்கம் அதையே சொலவடை என்போம். ஆச்சிமார் சொல்லும்போது அதில் கொஞ்சம் எகத்தாளமும் சேர்ந்திருக்கும். பொன்மொழி என்றால் பெயர் தெரிந்த ஒருவர் சொன்னது, அல்லது சொன்னதாக நாம் நம்புவது. ஆத்திசூடி மாதிரியானவை நீதிநூல். பிள்ளைகள் மனப்பாடம் செய்வதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து எழுதியவை.

தொல்காப்பியம் பழமொழியை முதுமொழி என்கிறது. நுட்பமாக, சுருக்கமாக, ஒளியோடு இருக்க வேண்டும்; சொல்ல வந்த பொருளை முடித்துக் கொடுக்கிற காரணமாக வந்து நிற்க வேண்டும் என்று அதற்கு இலக்கணமும் சொல்கிறது. அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பழமொழி ஒரு பேச்சின் நடுவில் வந்து விழ வேண்டியது. அதைப் பிடுங்கிப் பலகையில் தனியாக எழுதுவதே ஒரு அநியாயம்தான். இத்தனை கேள்வி வருவதற்கும் அதுதான் காரணம்.

இதெல்லாம் உண்மையிலேயே பழசா, இல்ல நம்ம தாத்தா காலத்துச் சரக்கா?

சில நிஜமாகவே பழசு. பதினெண்கீழ்க்கணக்கில் பழமொழி நானூறு என்று ஒரு நூல் உண்டு. முன்றுறை அரையனார் செய்தது. நானூறு வெண்பா, ஒவ்வொன்றிலும் ஒரு பழமொழி. அவர் காலத்திலேயே ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்ததை எடுத்து வெண்பாவில் வைத்துத் தைத்திருக்கிறார். 'பாம்பறியும் பாம்பின கால்' என்று அதில் வருகிறது. இன்றைக்கு நாம் 'பாம்பின் கால் பாம்பறியும்' என்கிறோம். 'நுணலும் தன் வாயால் கெடும்' என்று வருகிறது. நுணல் என்றால் தவளை. மணலுக்குள் புதைந்து யாருக்கும் தெரியாமல் கிடக்கிற தவளை, கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நாம் சொல்வதில் 'தவளை' மட்டும்தான் புதுசு.

ஆத்திசூடி, கொன்றை வேந்தன்னு ஏன் பேரு? பூவுக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இல்லை. கடவுள் வாழ்த்தின் முதல் சொற்களே நூலுக்குப் பெயராகிவிட்டன. 'ஆத்தி சூடி அமர்ந்த தேவனை' என்று ஒன்று தொடங்குகிறது, 'கொன்றை வேந்தன் செல்வன் அடியினை' என்று மற்றது தொடங்குகிறது. இரண்டு பூவும் சிவனுக்கு உரியவை. ஆத்திசூடியில் 109 வரி, கொன்றை வேந்தனில் 91. எல்லாம் அகர வரிசையில் போகும். 'அறம் செய விரும்பு' என்று தொடங்கி 'ஓரம் சொல்லேல்' என்று முடிகிறது ஆத்திசூடி. ஓரம் சொல்வது என்றால் பஞ்சாயத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசுவது.

அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய சங்ககால ஔவையார் வேறு, இந்த நீதிநூல் ஔவையார் பல நூற்றாண்டு பிந்தியவர் என்பதுதான் ஆராய்ந்தவர்கள் சொல்வது. சினிமாவில் பார்த்த ஒரே பாட்டியை மனதில் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டதும் கொஞ்சம் ஏமாந்து போகிறார்கள்.

'ஙப் போல் வளை'ன்னா என்ன? டீச்சரே தெரியலன்னுட்டாங்க.

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. அகர வரிசையில் எழுதும்போது க முடிந்து ங வந்து நிற்கிறது. 'ங'வில் தொடங்குகிற சொல்லுக்கு எங்கே போவது? ஔவை அந்த எழுத்தையே உவமை ஆக்கிவிட்டார்.

ஙா, ஙி, ஙீ, ஙு இதெல்லாம் நாம் எழுதுவதே இல்லை. 'அங்ஙனம்', 'இங்ஙனம்' என்று ங மட்டும் எப்போதாவது வருகிறது, ங் வருகிறது. ஆனாலும் நெடுங்கணக்கில் அந்த வரிசை முழுவதும் இருக்கிறது. உபயோகமான அந்த ஓர் எழுத்துக்காகச் சுற்றமெல்லாம் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறது. நீயும் அப்படி உன் சொந்தபந்தத்தை வளைத்துக் காப்பாற்று என்பது உரைக்காரர்கள் சொல்கிற பொருள். ங எப்படி வளைந்திருக்கிறதோ அப்படி வளைந்து பணிந்து நட என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு முதல் பொருள்தான் பிடிக்கும். சம்பாதிக்கிற ஒருவனை நம்பி ஒன்பது பேர் இருக்கிற வீடு எங்கள் தெருவிலேயே நாலு உண்டு. அந்த நாலு பேரையும் பார்க்கும்போது எனக்கு இந்த எழுத்துதான் ஞாபகம் வரும்.

'கற்கை நன்றே கற்கை நன்றே பிச்சை புகினும் கற்கை நன்றே', இது ஔவையார் எழுதினதுதானே? பேச்சுப் போட்டிக்கு வேணும்.

இல்லை. அதிவீரராம பாண்டியர் எழுதிய வெற்றி வேற்கையில் வருவது. 'எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்' என்பதும் அதே நூல்தான். ஒரு நீதி வரியின் ஆசிரியர் தெரியவில்லை என்றால் ஆணாக இருந்தால் வள்ளுவர், பெண்ணாக இருந்தால் ஔவையார் என்று பங்கு போட்டு எழுதிவிடுகிறார்கள்.

இதே மாதிரி 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்' என்பது திருமூலருடையது. அண்ணா மேடைகளில் சொல்லிச் சொல்லிக் கட்சி வாசகம் ஆனதால் அவருடையது என்றே பலர் நினைக்கிறார்கள். 'யான் பெற்ற இன்பம் பெறுக இவ்வையகம்' என்பதும் திருமந்திரம்தான். 'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்' என்று பாடியவர் வள்ளலார். பாடியதோடு நிற்காமல் 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அங்கே அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. மேடையில் அந்த வரியைச் சொன்னால் இந்த அடுப்பையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

புது வீட்டு வாசலில் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்'னு கல்லுல வெட்டலாம்னு இருக்கேன். சரியா வருமா?

தாராளமாக வெட்டலாம். ஆனால் முழுப்பாட்டையும் ஒருமுறை படித்துவிட்டு வெட்டுங்கள். கணியன் பூங்குன்றனாரின் பாட்டு, புறநானூற்றில் 192-ஆவது. முதல் வரியை மட்டும் எடுத்தால் எல்லோரும் உறவு என்கிற விருந்தோம்பல் பேச்சு மாதிரி இருக்கும். அடுத்த வரியே 'தீதும் நன்றும் பிறர்தர வாரா'. அதற்கப்புறம் சாவு புதிதில்லை, வாழ்க்கை இனிது என்று துள்ளவும் இல்லை, கசக்கிறது என்று வெறுக்கவும் இல்லை என்கிறார். கல்லில் மோதி இரைந்து ஓடுகிற பெரிய ஆற்றில் நீர் போகிற வழியில் தெப்பம் போகும், உயிரும் அப்படித்தான் போகும் என்கிறார். 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று முடிக்கிறார். கிருகப்பிரவேசத்துக்கு எம்.எல்.ஏ. வந்தால் அந்தக் கடைசி வரி கொஞ்சம் சங்கடம்தான். எனக்கு அதுதான் பாட்டின் உச்சி.

அன்னதான பேனரில் போடுகிற 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே' என்ற வரிக்கும் இதே கதைதான். புறநானூறு 18-இல் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்னது. உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது, ஆகவே நிலம் பள்ளமான இடம் பார்த்து நீர்நிலை பெருகும்படி செய் என்று அரசனிடம் குளம் கேட்கிறார் புலவர். பேனரில் சாப்பாடு இருக்கிறது, குளத்தைக் காணோம். (மணிமேகலையிலும் இதே வரி வருகிறது. அது தீவதிலகை என்கிற காவல் தெய்வத்தின் வாயில்.)

கல்யாணப் பத்திரிகைக்கு ஒண்ணு, நினைவஞ்சலி போஸ்டருக்கு ஒண்ணு சொல்லுங்க.

கல்யாணத்துக்கு 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது'. எல்லோரும் போடுவதுதான், இருந்தாலும் அதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நினைவஞ்சலிக்கு 'நெருநல் உளனொருவன் இன்றில்லை என்னும் பெருமை உடைத்துஇவ் வுலகு' என்ற குறளைக் கேட்டு வருகிறார்கள். நேற்று இருந்தவன் இன்று இல்லை, இதுதான் இந்த உலகத்தின் பெருமை என்கிறார் வள்ளுவர். அந்தப் 'பெருமை'யில் இருப்பது குத்தல். இழவு வீட்டில் அழுதுகொண்டிருப்பவர் முன்னால் போய் அதைச் சொல்வோமா? பெயர், பிறந்த நாள், மறைந்த நாள் போதும் என்றுதான் நான் சொல்வேன். கேட்கிறவர்கள் கேட்பார்கள்.

வாட்ஸ்அப்புல 'பழமொழியின் உண்மைப் பொருள்'னு வருதே. நாமெல்லாம் தப்பாத்தான் சொல்லிட்டு இருக்கோமா?

வாரத்துக்கு மூன்று பேராவது இதைக் கேட்கிறார்கள். 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' தப்பாம். 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பதுதான் சரியாம், சஷ்டி விரதம் இருந்தால் வயிற்றில் பிள்ளை தங்குமாம். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பது 'கழு தைக்கத் தெரியுமாம்' என்று இருந்ததாம், கழு என்பது ஒரு வகைப் புல்லாம். 'மண் குதிரை' என்பது ஆற்று நடுவே இருக்கிற 'மண் குதிர்' ஆம். 'ஆயிரம் பேரைக் கொன்றவன்' என்பது 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' ஆம். படிக்க ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நம்ப முடியவில்லை.

நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். முதலில், இதே அச்சில் வேறு பழமொழி இருக்கிறதா? அருமை தெரியாதவன் கையில் அரிய பொருள் என்பதற்குக் கழுதை மட்டுமா, 'குரங்கு கையில் பூமாலை'யும் இருக்கிறது. அதற்கு எந்தப் புல்லைத் தேடுவது? அடுத்து, பழமொழியில் படம் தெரிகிறதா? மண்ணால் செய்த குதிரை தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் படம்தான் அந்தச் சொலவடையின் உயிர். அதை எடுத்துவிட்டு, அகராதி பார்த்தால் மட்டும் புரிகிற சொல்லை வைத்தால் எந்தப் பாட்டி அதைச் சொல்லியிருப்பாள்? அகப்பையால் பரிமாறியவர்களுக்குச் சட்டி எதற்கு என்று விளக்கவே வேண்டாம்.

இன்னும் சந்தேகம் என்றால் பழைய அச்சுத் தொகுப்புகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த பெர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரை உடன் வைத்து பைபிளைத் தமிழாக்கியவர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை 1874-இல் அச்சிட்டார். டென்மார்க்கிலிருந்து வந்த ஜென்சன் பாதிரியார் 1897-இல் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு தொகுப்பு போட்டார். வாட்ஸ்அப் வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்னால் ஜனங்கள் எப்படிச் சொன்னார்கள் என்று அவற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் திருத்தக்காரர்களிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். எந்தப் பழமொழியில் கேலியோ திருட்டுத்தனமோ குத்தலோ இருக்கிறதோ, அதைத்தான் தேடிப் பிடித்துக் குளிப்பாட்டி விபூதி பூசுகிறார்கள். 'பந்திக்கு முந்து படைக்குப் பிந்து' என்று ஒரு பயந்தாங்கொள்ளி சொன்னால் என்ன குறைந்துபோகும்? நம் முன்னோர்களுக்குச் சிரிக்கவும் தெரிந்திருந்தது.

கலாம் சொன்னார், விவேகானந்தர் சொன்னார்னு வர்றதை எல்லாம் நம்பலாமா?

எந்தப் பேச்சில், எந்தப் புத்தகத்தில் என்று போட்டிருந்தால் பார்க்கலாம். படத்துக்குப் பக்கத்தில் வெறும் வரி இருந்தால் நான் பலகையில் எழுதுவதில்லை. 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு' என்று எழுதி, கீழே பெயர் போடாமல் விட்டேன் ஒரு நாள். 'இது யார் சொன்னது?' என்று ஒன்பது பேர் கேட்டார்கள்.

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்'னா கெட்டபடி திட்டுறதா?

கல்லூரியில் படிக்கிற பெண் கேட்டது, சிரிக்காதீர்கள். களத்துமேட்டைப் பார்க்காதவர்களுக்குத் தூற்றுவது என்றால் திட்டுவதுதான். முறத்தில் நெல்லை உயரத் தூக்கிக் கொட்டினால் காற்றில் பதர் பறந்துவிடும், மணி காலடியில் விழும். காற்று நின்றால் வேலையும் நிற்கும். அதனால் அடிக்கும்போதே முடித்துக்கொள். அவ்வளவுதான்.

ஒண்ணு 'பதறாத காரியம் சிதறாது'ங்குது, இன்னொண்ணு 'அலை எப்போ ஓயும், தலை எப்போ முழுகுறது'ங்குது. எதைத்தான் கேட்கிறது?

நியாயமான கோபம். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' ஒரு பக்கம், மேலே சொன்ன தூற்றுகிற பழமொழி மறுபக்கம். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று ஒன்று, 'துணிந்தவனுக்குத் துக்கமில்லை' என்று இன்னொன்று.

முதல் கேள்விக்கான பதிலில் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பழமொழி ஒரு பேச்சின் நடுவே, ஓர் ஆளைப் பார்த்துச் சொல்வது. எங்கள் அம்மா என்னிடம் 'அலை எப்போ ஓயும்' என்பாள், ஏனென்றால் நான் எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவன். என் தம்பியிடம் அதே வாயால் 'பதறாத காரியம் சிதறாது' என்பாள். அவன் முன்பணம் கொடுத்துவிட்டு அப்புறம்தான் பத்திரத்தைப் படிப்பான். அவளிடம் இரண்டு மருந்து இருந்தது, நோயாளியைப் பார்த்துக் கொடுத்தாள். இருவரும் மாற்றிக் குடித்திருந்தால் இரண்டு பேரும் கெட்டிருப்போம்.

ஆகவே உங்களுக்குக் கேட்டதும் இனிக்கிற பழமொழியைச் சந்தேகப்படுங்கள். சோம்பேறிக்குப் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' எப்போதும் இனிக்கும். கேட்டதும் சுருக்கென்று படுகிறதே, அது உங்களுக்கென்று இருக்கலாம்.

ஔவையார் 'ஆறுவது சினம்'ங்கிறார், பாரதியார் 'ரௌத்திரம் பழகு'ங்கிறார். ரெண்டையும் ஒரே பையன் படிக்கிறானே?

பாரதி தெரிந்தேதான் செய்தார். புதிய ஆத்திசூடி என்று 110 வரி எழுதி, பழையதில் பலவற்றை இழுத்துத் திருப்பினார். பழையதில் 'மீதூண் விரும்பேல்', புதியதில் 'ஊண் மிக விரும்பு'. பழையதில் 'தொன்மை மறவேல்', புதியதில் 'தொன்மைக்கு அஞ்சேல்'. 'போர்த்தொழில் புரியேல்' என்பதற்கு 'போர்த்தொழில் பழகு'. 'வெட்டெனப் பேசேல்' என்பதற்கு 'வெடிப்புறப் பேசு'. தொடக்கமே 'அச்சம் தவிர்'. அடிமைப்பட்டு, சோற்றுக்கில்லாமல், குனிந்து பழகிப்போன ஜனத்திடம் அதிகம் சாப்பிடாதே, கோபப்படாதே என்று மறுபடியும் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. போன பதிலில் சொன்ன நோயாளிக் கணக்கை அவர் ஒரு நாட்டுக்கே போட்டார்.

கோபத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நடுவே வள்ளுவர் நிற்கிறார். 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்'. உன் கோபம் செல்லுபடியாகிற இடத்தில், அதாவது உனக்குக் கீழே இருப்பவனிடம், அடக்கினால்தான் அது அடக்கம். மேலதிகாரியிடம் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? நாம் தலைகீழாகச் செய்கிறோம். ஆபீசில் 'ஆறுவது சினம்', வீட்டுக்கு வந்ததும் 'ரௌத்திரம் பழகு'. இன்னொன்று, பாரதி 'கொள்' என்று சொல்லவில்லை, 'பழகு' என்றார். சிலம்பம் பழகுகிற மாதிரி. கம்பு கையில் இருக்கிறது என்பதற்காகப் போகிற வருகிறவனை எல்லாம் அடிப்பது பழக்கத்தில் சேராது.

வள்ளுவரே ஒரு இடத்துல விதிதான் பெருசுங்கிறார், இன்னொரு இடத்துல முயற்சிங்கிறாரே?

ஆமாம். 'ஊழிற் பெருவலி யாவுள' என்பது 380-ஆவது குறள். 'தெய்வத்தான் ஆகாது எனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்பது 619. அதற்கு அடுத்த குறளே, தளராமல் முயல்கிறவர் ஊழையும் புறமுதுகு காட்டச் செய்வார் என்கிறது.

முன்னது அறத்துப்பாலின் கடைசி அதிகாரத்தின் கடைசிக் குறள், பின்னது பொருட்பாலில் ஆள்வினை உடைமை. நடந்து முடிந்ததைப் பார்த்து மனம் ஆறுவதற்கு ஒன்று, நடக்க வேண்டியதற்கு எழுந்து நிற்க மற்றொன்று என்று நான் வைத்துக்கொள்கிறேன். பரீட்சைக்கு முதல் நாள் 380-ஐப் படிக்கிற பையன் தூங்கப் போய்விடுவான். 619-இல் 'கூலி' என்கிற சொல்லையும் கவனியுங்கள். வெற்றி தரும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. உடம்பு வருந்தியதற்குக் கூலி உண்டு, அவ்வளவுதான்.

'பொய்மையும் வாய்மை யிடத்த'ன்னு வள்ளுவரே சொல்லிட்டாரே. அப்ப நல்லதுக்குப் பொய் சொல்லலாம்தானே?

இதைக் கேட்கிறவர் முகத்தைப் பார்த்தாலே ஏற்கெனவே சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். அந்தக் குறளில் 'புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்று ஒரு பூட்டு போட்டிருக்கிறார். குற்றமே இல்லாத நன்மை. யாருக்கு நன்மை என்று பார்த்தால் பாதிப் பொய் அங்கேயே உதிர்ந்துவிடும். மிச்சத்துக்கு அடுத்த குறள் இருக்கிறது: 'தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்'. 292-ஐச் சொல்கிற யாரும் 293-ஐச் சொல்லி நான் கேட்டதில்லை. 'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்' பற்றிக் கேட்காதீர்கள், நான் தரகர் இல்லை.

பொம்பளைகளை மட்டம் தட்டுற வரிகளை எல்லாம் என்ன செய்ய? மறைச்சுடலாமா?

மறைக்கவும் வேண்டாம், தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ஆத்திசூடியில் 'தையல் சொல் கேளேல்' என்று இருக்கிறது. கொன்றை வேந்தனில் 'பேதைமை என்பது மாதர்க்கு அணிகலம்' என்று இருக்கிறது. கெட்ட பெண்களின் பேச்சைத்தான் சொல்கிறார் என்று சமாதானம் சொல்கிற உரைகளும் இருக்கின்றன. எனக்கு அது ஒட்டவில்லை. எழுதிய காலம் அப்படி. தவிர, பெண் பேச்சைக் கேட்காதே என்று சொல்வது ஒரு பெண்மணி. அதைக் கேட்டு நடந்தால் புத்தகத்தையே மூடி வைக்க வேண்டியதுதான். பாரதி அந்த வரிக்கும் பதில் எழுதியிருக்கிறார்: 'தையலை உயர்வு செய்'.

சாதியையும் உடல் குறையையும் கேலி செய்கிற பழமொழிகள் இவற்றைவிட அதிகம். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அவை வேண்டும். என் பலகைக்கு வேண்டாம். படித்துவிட்டுக் கூனிக்குறுகிக் கடைக்குள் வருகிற ஒருவர் இருந்தாலும் அந்த வரி எனக்கு வேண்டாம்.

நல்ல நல்ல வரியா எழுதிப் பையன் கட்டிலுக்கு மேல ஒட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கான்.

என்ன ஒட்டினீர்கள் என்று கேட்டேன். 'வைகறைத் துயில் எழு'. பையன் போலீஸ் தேர்வுக்கு ராத்திரி இரண்டு மணி வரை படிக்கிறான். அவன் எழுதி உங்கள் டி.வி.க்கு மேல் ஒட்டினால் நீங்கள் பார்ப்பீர்களா? நம் ஊர் அரசுப் பேருந்தில் ஒவ்வொன்றிலும் ஒரு குறள் இருக்கிறது. இறங்கும்போது எது என்று கேட்டால் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? எப்போதும் கண்ணில் படுகிற எழுத்து சுவரோடு சுவராகிவிடும். என் பலகையை நான் தினமும் அழிப்பதும் அதனால்தான். பிள்ளைக்கு ஒரு வரி போய்ச் சேர வேண்டும் என்றால், அது பொருந்துகிற நேரத்தில் ஒருமுறை வாயால் சொல்லிவிட்டு அப்புறம் விட்டுவிடுங்கள்.

வாழ்க்கை முழுக்கக் கடைப்பிடிக்கிற மாதிரி ஒரே ஒரு வரி சொல்லுங்கன்னா எதைச் சொல்வீங்க?

உங்களுக்கு எது என்று எனக்குத் தெரியாது. சுருக்கென்று படுவதைத் தேடுங்கள் என்று மேலேயே சொன்னேன். எனக்கு எது என்று வேண்டுமானால் சொல்கிறேன். 'அஃகம் சுருக்கேல்'. ஆத்திசூடியில் பதின்மூன்றாவது. ஆய்த எழுத்துக்கு வேறு சொல் இல்லாமல் போட்டது என்று பள்ளிக்கூடத்தில் நினைத்திருந்தேன். அஃகம் என்றால் தானியம். அளந்து விற்கும்போது அளவைக் குறைக்காதே என்று பொருள்.

சில வருஷங்களுக்கு முன்னால் டோனர் விலை ஏறியபோது, மெஷினில் டோனர் மிச்சம் பிடிக்கிற பொத்தானை அழுத்தி வைத்துவிட்டேன். நகல் கொஞ்சம் வெளிறி வரும், ஆனால் படிக்க முடியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காசும் அதே காசுதான். ஒரு ஆச்சி முதியோர் பென்ஷனுக்கு விண்ணப்பத்தோடு கொடுக்க ஆதார் நகல் எடுத்துப் போனார். எண் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மறுநாள் பஸ் ஏறி மறுபடியும் வந்தார். நான் பொத்தானை எடுத்துவிட்டு, கறுப்பாக, தெளிவாக இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன், காசு வேண்டாம் என்றேன். ஆச்சி விடவில்லை, சுருக்குப்பையிலிருந்து எண்ணி வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

போகும்போது பலகையைக் காட்டி, 'எனக்கு எழுத்துத் தெரியாதுய்யா, என்ன எழுதியிருக்கு?' என்று கேட்டார். அன்றைக்கு எழுதியிருந்தது அந்த வரிதான், காலையில் தேதி பார்த்து வரிசைப்படி எழுதியது. வாசித்துக் காட்டி, அளவைக் குறைக்கக் கூடாது என்று அர்த்தம் ஆச்சி என்றேன்.

'யாருக்குச் சொன்னது?'

'கடைக்காரங்களுக்கு' என்றேன். ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.